பேலரின் வெட்டுக் கத்திகளை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது?

உலர்புல்லைச் சுருட்டிக் கட்டும் உருளைப் பேலர்கள் பலவற்றில், புல்லை உள்ளே தள்ளும் ரோட்டாருக்குக் கீழே ஒரு கத்தி வரிசை பொருத்தப்படுகிறது. டிராக்டரில் அமர்ந்தபடியே ஹைட்ராலிக் விசையால் அதை ஏற்றினால் புல் துண்டுகளாகி, கட்டும் அறைக்குள் போகும்; இறக்கினால் முழு நீளத்திலேயே போகும். காசு கொடுத்து வாங்கிய கத்தி சும்மா இருப்பதா என்று புதியவர்கள் எல்லா வயலிலும் அதை ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டீசலும் தீனியும் சேர்ந்தே வீணாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பால்பண்ணைகளில் கோடைதோறும் பல முறை அறுக்கப்படும் குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) என்னும் தீவனப் பயிரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முடிவெடுக்கும் முறையைப் பார்ப்போம்.

படி 1: கட்டு எங்கே பிரிக்கப்படும்?

வயலில் தொடங்காமல் தொழுவத்தில் தொடங்குங்கள். கட்டு தீவனக் கலவை வண்டிக்குள் போகப்போகிறது என்றால் கத்தி பெரிதும் உதவும். நீளமான தண்டுகள் வண்டியின் திருகில் சுற்றிக்கொள்வதால், அவை பிரிந்து நறுங்கும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பே வெட்டிய கட்டு விரைவில் உதிர்ந்து மற்றத் தீவனத்தோடு கலந்துவிடும். கன்றுகளுக்குப் படுக்கையாக விரிக்கும் கோதுமைத் தாளுக்கும் இதுவே பொருந்தும்: துண்டான தாள் எளிதாகப் பரவும். மாறாக, கட்டை முழுதாக இரும்பு வளையத்துக்குள் வைத்து மாடுகளையே இழுத்துத் தின்னவிடும் பண்ணையில் கத்தியை இறக்கிவிடுங்கள். துண்டுகள் வாயிலிருந்து சிந்திச் சேற்றில் மிதிபடுமே தவிர வேறு பயன் இல்லை. (காவிரி டெல்டாவில் வைக்கோலை முழுதாகக் கட்டி எடுத்து, தீனி போடும் நேரத்தில் வீட்டுத் தீவன வெட்டியில் நறுக்கிக்கொள்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.)

படி 2: ஈரத்தை அளந்து பாருங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குதிரை மசாலின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இலை. ஆனால் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலையில்தான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த இலை கத்தி பட்டதும் பொடியாகி, பேலருக்கு அடியில் பச்சைத் தூளாகக் கொட்டிவிடும். தண்டை மட்டும் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதற்கா இத்தனை பாடு?

அளப்பதற்கு வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு போதும். புல் வரிசையின் (அறுத்து வயலில் நீளமாகக் குவித்த புல்லின்) மேலும் கீழும் நடுவிலும் இருந்து பிடிபிடியாக எடுத்து, சிறிதாக நறுக்கி, 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். புல் கருகாமல் இருக்க அடுப்பின் மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, ஓரிரு நிமிடம் சூடாக்குவதும் எடை பார்ப்பதுமாக, எடை குறைவது நிற்கும்வரை தொடருங்கள். கடைசியில் 83 கிராம் நின்றால் ஈரம் 17 விழுக்காடு.

45 முதல் 60 விழுக்காடு வரை ஈரமுள்ள புல்லைக் கட்டி, பிளாஸ்டிக் உறை சுற்றி ஊறுகாய்ப் புல்லாக்கும்போது (சைலேஜ்) தயங்காமல் கத்தியை ஏற்றலாம். இலை உதிராது, துண்டுகள் நெருங்கி அமர்வதால் கட்டுக்குள் காற்று குறைந்து புளிப்பும் நன்றாக ஏறும். 18 விழுக்காட்டுக்கும் கீழே போன உலர்புல்லுக்கு என் பரிந்துரை கத்தியை இறக்குவதுதான். கலவை வண்டிக்காக வெட்டியே தீர வேண்டுமென்றால், இலை லேசாகப் பதமேறியிருக்கும் பனி நேரத்தில் கட்டுங்கள்.

படி 3: எத்தனை கத்தி?

எல்லாக் கத்தியும் ஒன்றாக வேலை செய்ய வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்று ஏற்றினால் துண்டின் நீளம் இரட்டிக்கும், டிராக்டரின் சுமையும் குறையும். கையேட்டில் போட்டிருக்கும் நீளத்தை அப்படியே எதிர்பார்க்காதீர்கள்: ரோட்டாருக்குக் குறுக்காகக் கிடக்கும் தண்டு கத்திகளுக்கு இடையே நழுவி முழுசாகவே போய்விடும், அதற்கு இணையாகக் கிடப்பதுதான் சரியாக வெட்டுப்படும். சில கத்திகளைக் கழற்றிவைத்தால், அந்த இடைவெளியில் புல் அடைத்துக்கொள்ளாதபடி வெற்றுத் தகடுகளைப் பொருத்துங்கள்.

படி 4: டிராக்டரும் கூர்மையும்

கத்தி ஏறியதும் டிராக்டர் திணறினால், புல் வரிசை பருமனாக இருக்கிறதா, கத்தி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கிய கத்தி வெட்டாது, கிழிக்கும்; டீசலைக் குடிக்கும். மணற்பாங்கான வயலில் கூர் விரைவில் போய்விடும். தீட்டும்போது பல் இல்லாத பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். இரும்பு நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூடாக விட்டால் அதன் உறுதி போய்விடும். கத்தி தேவைப்படாத நாளிலும் இடையிடையே அதை ஏற்றி இறக்கினால்தான் பிளவுகளில் குப்பை இறுகாது. கத்தியைக் கையால் தொடுவதற்கு முன் இஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: இரண்டு கட்டு போட்டுப் பாருங்கள்

அதே வயலில் கத்தி ஏற்றி ஒன்றும், இறக்கி ஒன்றும் கட்டி, பேலர் கடந்துபோன தடத்தில் குனிந்து பாருங்கள். முதல் தடத்தில் மட்டும் இலைத்தூள் படிந்திருந்தால் அன்றைக்குக் கத்தி வேண்டாம். இரண்டு தடமும் ஒன்றுபோல இருந்தால் ஏற்றிக்கொண்டு, கயிற்றுக்குப் பதில் வலையைச் சுற்றுங்கள். வெட்டிய கட்டு எளிதில் பிரியும் என்பதால், வழக்கத்தைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகவே விடுங்கள்.