எக்ஸெல் ஷீட்ல வந்த நம்பரை வச்சு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி

ஃபார்முலா போட்டு எண்டர் தட்டுனதும் ரெண்டு டெசிமலோட பளிச்சுனு ஒரு நம்பர் வந்து நிக்கும், அதப் பாத்ததும் மனசு வேலை முடிஞ்சதுன்னு நெனச்சுக்கும். இதே கணக்க கையால போட்டிருந்தா இன்னொரு தடவ சரிபாத்திருப்போம். கூட்டல்ல எக்ஸெல் தப்பு பண்ணாதுதான், ஆனா எதைக் கூட்டணும்னு சொன்னது நாமதானே, தப்பு பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

அதனால விடையப் பாக்கறதுக்கு முன்னாடியே, குறைஞ்சது இவ்ளோ அதிகபட்சம் இவ்ளோ வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. பாத்ததுக்கு அப்புறம் எழுதுனா பிரயோஜனமே இல்ல, நானும் இதத்தான் நெனச்சேன்னு தோணிடும். விடை அந்த எல்லைக்கு வெளிய போச்சுன்னா காரணம் தெரியாம மேல போகாதீங்க.

அடுத்து, ஃபார்முலா இருக்கற செல்ல டபுள் கிளிக் பண்ணி, அது கணக்குல எடுத்துக்கற செல்களச் சுத்தி வர்ற கலர் கட்டம் கடைசி வரி வரைக்கும் போகுதான்னு கண்ணால பாருங்க. சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் அரசுக் கடன் பத்தி 2010ல எழுதுன கட்டுரையில, 20 நாட்டுக்கு எடுக்கவேண்டிய ஆவரேஜ் 15 நாட்டோட நின்னுருச்சு. அந்தக் கட்டுரைய காட்டி அரசியல்வாதிங்க செலவக் குறைக்கணும்னு வாதாடிட்டு இருந்தாங்க, 2013ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர் அவங்க ஷீட்டையே கேட்டு வாங்கிப் பாத்தப்பதான் வெளிய வந்துச்சு. அந்த ஷீட்ல வேற குறைகளும் இருந்துச்சு, ஆனா இது ஒரு டபுள் கிளிக்ல தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, வேற எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டுன நம்பர் சில சமயம் டெக்ஸ்ட்டா உக்காந்திருக்கும், சம் ஃபங்ஷன் அத சத்தமில்லாம விட்டுட்டு மிச்சத்த மட்டும் கூட்டிரும், எந்த எரரும் மொத்தத்துல வராது. அலைன்மென்ட் எதுவும் மாத்தலைன்னா அந்த மாதிரி செல் இடது பக்கம் ஒட்டி நிக்கும், நிஜ நம்பர் வலது பக்கம் நிக்கும், அத வச்சே பிடிச்சுடலாம்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஷீட்ட வேணும்னே உலுக்கிப் பாருங்க. ஒரு இன்புட்ட ஜீரோ ஆக்குங்க, ஒன்ன ரெண்டு மடங்காக்குங்க, விடை நீங்க எதிர்பாத்த திசையில நகரணும். நகரவே இல்லன்னா அந்த செல்லுக்கும் விடைக்கும் தொடர்பே இல்ல, இல்ல யாரோ ஃபார்முலா மேல வெறும் நம்பர டைப் பண்ணிட்டாங்க.

ஏஐ டூல்ல கேட்டு எடுத்த நம்பர்னா "உறுதியா?"ன்னு திருப்பிக் கேக்கறது செக் ஆகாது, சரியான விடையயும் தப்பான விடையயும் அது ஒரே தெம்போடதான் சொல்லும், அதனால கணக்க வரிவரியா போடச் சொல்லி ஒவ்வொரு வரியையும் நீங்களே வேற இடத்துல போட்டுப் பாருங்க.