பல் டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எப்போது காசு கட்ட வேண்டும்: திருகோணமலை வாசிகளுக்கு

சூத்தைப் பல்லுக்கு எவ்வளவு செலவாகும் என்பது நீங்கள் எந்தக் கட்டத்தில் போகிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. குளிர்தண்ணீர் பட்டுக் கூசி உடனே அடங்கினால், பெரும்பாலும் அடைப்பதோடு வேலை முடியும். சூடு பட்டால் நெடுநேரம் வலிக்கிறது, இரவில் தானாக வலி கிளம்புகிறது என்றால் நரம்பு கெட்டிருக்க வாய்ப்புக் கூட. அதன் பிறகு இரண்டு வழிதான்: ரூட் கனால் (கெட்ட நரம்பை எடுத்து, வேரின் உள்ளைச் சுத்தம் செய்து அடைப்பது), இல்லையேல் பிடுங்குவது. வலி தானாக நின்றுபோனால் பல் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நரம்பு செத்தாலும் வலி நிற்கும்.

முதலில் இலவச வழியைப் பாருங்கள். திருகோணமலை பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவில் பிடுங்குவது, அடைப்பது, காவி எடுப்பது எல்லாவற்றுக்கும் காசில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். இங்கே செய்ய முடியாத வேலை என்றால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். கண்டி பஸ்ஸும் ஒரு நாள் சம்பளமும் போகும், பலமுறை போகவும் வேண்டிவரும். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துப் பார்த்துத்தான் தனியார் கிளினிக்கா, பேராதனையா என்று முடிவெடுக்க வேண்டும்.

தனியார் கிளினிக்குக்குப் போவதானால், டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் தேடுங்கள். பொய்ப்பல் கட்டும் தொழில்நுட்பவியலாளர் பல் டொக்டர் அல்ல. மலிவு என்று அவரிடம் பிடுங்கவோ அடைக்கவோ போக வேண்டாம். ஊசியை உங்கள் முன்னால் புதிதாகப் பிரிக்க வேண்டும். கருவிகளை ஓட்டோகிளேவில் கிருமி நீக்கிய மூடிய பையிலிருந்து எடுக்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அடுத்தது எக்ஸ்ரே. அதைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பல்லின் வெளி ஓடு பளிச்சென்று வெள்ளையாகவும், உள்ளே சற்று மங்கலாகவும், சூத்தை கறுப்பாகவும் தெரியும். கறுப்பு வெளி ஓட்டுக்குள்ளேயே நிற்கிறது, மேலே குழியும் விழவில்லை என்றால், பல சமயம் செதுக்கத் தேவையில்லை. புளோரைட்டும் ஒழுங்கான துலக்கலும் போதும், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். வலியே இல்லாதவருக்கு முதல் நாளே ஐந்தாறு பல் அடைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பல்லுக்கும் காரணம் கேளுங்கள்.

சந்தேகம் வரும் இன்னொரு இடம், சொன்ன தொகை பாதியில் கூடுவது. எல்லா நேரமும் இது ஏமாற்று அல்ல. எக்ஸ்ரேயில் தெரிவதைவிட உள்ளே சூத்தை ஆழமாக இருப்பது வழக்கம். அதனால் நாற்காலியில் சாயுமுன்பே கேட்டுவிடுங்கள்: “திறந்து பார்த்தபிறகு ஆழமாக இருந்தால் என்ன செய்வீங்கள் டொக்டர், எவ்வளவு கூடும்?” இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரை நம்பலாம்.

ரூட் கனாலில்தான் மக்களின் காசு அதிகம் வீணாகிறது. மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். வேருக்குள் எத்தனை கால்வாய் (முன் பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்று, கடைவாய்ப் பல்லுக்கு மூன்று நான்கு), எத்தனை வருகை, எக்ஸ்ரே அதற்குள் அடக்கமா, கடைசி அடைப்பும் கிரவுனும் (பல்லின் மேல் போடும் உறை) தனியா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முழுத்தொகையையும் முதல் நாளே கட்டாமல் வருகைக்கு வருகை கட்டலாமா என்று கேளுங்கள். ரசீதையும் எக்ஸ்ரே பிரதியையும் வாங்கி வையுங்கள். இன்னொரு டொக்டரிடம் அபிப்பிராயம் கேட்கப் போனால் திரும்ப எக்ஸ்ரே எடுக்கும் செலவு மிச்சமாகும்.

முதல் வருகையோடே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே தாங்கும். அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் கிருமி திரும்பப் பிடிக்கும், செய்த வேலை முழுக்கப் பாழ். கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுன் போடாமல் விடுவதும் அப்படித்தான். உள்ளே குடைந்த பல், கடிக்கும்போது வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கிரவுனுக்கும் சேர்த்துப் பணம் தேறாது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். பின்பக்கத்துப் பல்லுக்கு உலோகக் கிரவுன் போதும். பல் நிறம் வேண்டுமென்றால்தான் போர்சலினும் சிர்கோனியாவும். உலோகத்துக்கும் வழியில்லை என்றால், ரூட் கனாலைத் தொடங்கி இடையில் விடுவதைவிடப் பிடுங்குவதே நேர்மையான தெரிவு.

பிடுங்குமுன் நீரிழிவு, பிரஷர், இருதய நோய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பரின் குடிப்பவர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டு போங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பிடுங்கிய பின் பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ துப்பிக்கொண்டிருக்கவோ புகைக்கவோ கூடாது. இரத்தக்கட்டி கழன்றால் இரண்டு மூன்று நாளில் கடும் வலி தொடங்கும்.

பல்வலிக்கு ஃபார்மசியில் அமோக்சிசிலின் வாங்கிப் போடுவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. நரம்பு வலியை அது தீர்க்காது. அஸ்பிரினை முரசில் வைத்தால் தோல் வெந்துபோகும். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல் திறக்க முடியாமை இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே பல் பிரிவில் காட்டுங்கள்.