என்ன விண்டோஸ் என்று கருப்புத் திரையிடம் கேளுங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். போனில் கூப்பிடுபவர்களிடம் முதலில் கேட்பது, "என்ன விண்டோஸ் போட்டிருக்கீங்க?" போன மாதம் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் "லெவன்தான் தம்பி" என்று அடித்துச் சொன்னார். அரை மணி நேரம் அவரிடம் இல்லாத ஒரு மெனுவை இருவரும் தேடினோம். கடைசியில் பார்த்தால், யாரோ விண்டோஸ் 11-இன் நீலப் பூப் படத்தை அவருடைய வால்பேப்பராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் சின்னப் பெட்டியில் சி, எம், டி என்று அடித்து என்டர். கருப்புத் திரை திறந்ததும் முதல் வரியிலேயே, சதுர அடைப்புக்குள் எண் நிற்கும். அந்த வரி மேலே போய்விட்டால் வி, இ, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள், திரும்ப வரும்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினல் திறப்பவர்களுக்கு இந்த வி, இ, ஆர் பெரும்பாலும் வேலை செய்யாது, சிவப்பில் திட்டும். வரியின் தொடக்கத்தில் பி, எஸ் என்று இருந்தால் அது பவர்ஷெல் என்ற வேறு கட்டளைத் திரை. அங்கேயே சி, எம், டி அடித்து என்டர் தட்டினால் போதும்.

சரி, வந்த எண் 10.0.19045 என்று தொடங்குகிறது. முதலில் இருக்கும் 10.0-ஐ நம்பாதீர்கள், விண்டோஸ் 11-லும் அதேதான் வரும். விண்டோஸ் 7-க்கும் உள்ளே 6.1 என்றுதான் பெயர். முதல் எண்ணைப் பார்த்து ஓடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பழைய மென்பொருள்கள் முரண்டு பிடிக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய விண்டோஸ் விஸ்டாவின் 6-ஐயே வைத்துக்கொண்டார்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதுதான் 6.3-இலிருந்து ஒரே தாவாக 10.0.

பார்க்க வேண்டியது மூன்றாவது எண். வீட்டு, ஆபீஸ் கணினிகளில் அது 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. 22631 என்றால் அதன் 23எச்2 பதிப்பு, 26100 என்றால் 24எச்2 பதிப்பு. 10.0-க்குப் பின் 22000-க்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 10. நான்காவது எண் அப்டேட் ஏற ஏற மாறும். அப்டேட் உண்மையிலேயே ஏறியதா என்று பார்க்க மட்டும் அதைக் குறித்துவையுங்கள்.

அண்ணனிடம் எண்ணைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்: "ஒண்ணு... ஒம்போது... சைபர்... நாலு... அஞ்சு. இது லெவன்தானே தம்பி?"