பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றித் தூங்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென இரு கைகளையும் விரித்து உதறிக்கொண்டு அழும். ‘பயந்துக்குது’ என்பார்கள் பெரியவர்கள். இது எல்லாப் பச்சைக் குழந்தைக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான். மோரோ அனிச்சை என்று பெயர், சில மாதங்களில் தானாக மறைந்துவிடும். மெல்லிய துணியில் கைகளைச் சேர்த்துச் சுற்றினால் இந்த உதறல் அடங்கும், தூக்கம் கலையாது. துணி சுற்றுவது இதற்கு மட்டும்தான். கால் நேராகும், உடம்பு வலுவாகும் என்று இறுக்கிக் கட்டும்போதுதான் ஆபத்து வருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரண்டு கால்களையும் நீட்டிச் சேர்த்துக் கட்டுவது. ‘கால் வளைஞ்சிருக்கு, நேரா வச்சுக் கட்டு’ என்று சொல்லாத வீடு குறைவு. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால்கள் அப்படித்தான் இருக்கும். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் தாமே நேராகிவிடும், எந்தக் கட்டும் அதற்குத் தேவையில்லை. ஆனால் தொடை எலும்பின் உருண்டை முனை உட்காரும் இடுப்புக் குழி இந்த வயதில் இளசான குருத்தெலும்பு. காலை வலுக்கட்டாயமாக நீட்டி வைத்தால் அந்த முனை குழியைவிட்டு மெல்ல விலகலாம். குழந்தைக்கு வலிக்காது, அழாது. கவனிக்காமல் விட்டால் நடக்கத் தொடங்கும்போது காலைச் சாய்த்து நடப்பதில்தான் தெரியவரும். ஜப்பானில் 1975ஆம் ஆண்டு, குழந்தைகளைக் கால் நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதன் பிறகு அங்கே இடுப்பு மூட்டு விலகல் பல மடங்கு குறைந்தது.

ஆகவே இடுப்புக்குக் கீழே துணி தளர்வாக இருக்கட்டும். சுற்றி முடித்ததும் பாருங்கள்: குழந்தை தவளை போல முழங்காலை மடக்கி, இரு பக்கமும் அகட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். பெண் குழந்தை, கால் முதலில் இறங்கிப் பிறந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்த குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். டயப்பர் மாற்றும்போது ஒரு கால் மட்டும் சரியாக விரியவில்லை, தொடை மடிப்புகள் இரு பக்கமும் வித்தியாசமாக இருக்கின்றன என்றால் டாக்டரிடம் சொல்லி இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பெல்ட் போட்டே சரிசெய்துவிடலாம்.

சரி, சுற்றுவது எப்படி? துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டித் துணி போதும், சதுரமாக ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு மூலை மேலே வரும்படி விரித்து, அந்த மூலையை உள்ளே மடியுங்கள். அந்த மடிப்பு தோள் மட்டத்தில் இருக்க வேண்டும், கழுத்துக்கு மேல் துணி வரக்கூடாது. கையை நெஞ்சருகே லேசாக மடக்கி வைத்து, ஒரு பக்கத்துணியை உடம்பின் குறுக்கே கொண்டுவந்து முதுகுக்கு அடியில் செருகுங்கள். அப்புறம் மறுபக்கம். நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் மூச்சு விடச் சிரமம். தொளதொளவென்று விட்டாலும் தவறுதான், துணி நழுவி மூக்கை மூடிவிடும். ஊக்கு குத்தவே வேண்டாம்.

சுற்றிய குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். ‘பால் கக்கினா புரையேறிடும்’ என்று பயந்து ஒருக்களித்துப் படுக்க வைப்பவர்கள் பலர். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். ஒருக்களித்துப் படுத்த குழந்தையோ எளிதாகக் குப்புற விழுந்துவிடும், கை கட்டப்பட்டிருப்பதால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் திணறும். அமெரிக்காவில் 1994இல் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தன.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், துணியில் சுற்றிய குழந்தையைத் தூளியில் போடாதீர்கள். தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும், பக்கத்துணி முகத்தில் படியும். சமமான, அழுத்தமான படுக்கைதான் நல்லது. பக்கத்தில் தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கு நடுவிலும் படுக்க வைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு அதற்கு மேல் துணியும் சுற்றுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. உடம்பு அதிகமாகச் சூடாவதும் தூக்கத்தில் ஆபத்தானது. கை, கால் சில்லென்று இருப்பது பச்சைக் குழந்தைக்குச் சகஜம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஆறாம் வாரத் தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால் சுற்றவே வேண்டாம்.

பால் கொடுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது பசியின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. நாள் முழுக்கச் சுற்றியே வைத்தால் அது நமக்குத் தெரியாமல் போகும்.

எப்போது நிறுத்துவது? குழந்தை புரள முயற்சி செய்யும் அன்றே. சிலருக்கு இரண்டு மாதத்திலேயே அது தொடங்கிவிடும். முழுதாகக் குப்புற விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடுப்பைத் திருப்பி, ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினாலே கைகளை வெளியே விட்டுவிடுங்கள். சில இரவுகள் அடிக்கடி எழுந்து அழும், அப்புறம் பழகிவிடும்.