வெளிவராத புத்தகத்தைக் கேட்டு வாங்குவது: தமிழக-கேரள எல்லையோரப் பதிவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புத்தகம் கடைக்கு வருவதற்கு மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம் முன்பே பதிப்பகங்கள் அதன் மின்பிரதியை விமர்சகர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆங்கிலப் பதிப்புலகில் இதற்கு ஏஆர்சி (அட்வான்ஸ் ரீடர் காப்பி) என்று பெயர். பழைய பெயர் கேலி. ஈய எழுத்துகளை அடுக்கும் நீளத் தட்டுதான் கேலி. அந்தத் தட்டிலிருந்து எடுக்கும் முதல் மெய்ப்பு கேலி புரூஃப். பதிப்பகங்கள் இந்த மின்பிரதிகளைக் கொடுக்கும் நெட்கேலி என்ற தளத்தின் பெயர் இங்கிருந்துதான் வந்தது, தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்டாலும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது இலவசப் புத்தகம் வாங்கும் வழியல்ல. ஒரு பிரதிக்குப் பதிப்பகம் எதிர்பார்க்கும் விலை, குறித்த காலத்தில் ஒரு நேர்மையான மதிப்புரை. விண்ணப்பத்தைப் பார்க்கிற விளம்பரப் பிரிவு ஊழியருக்கு உங்கள் சுயவிவரத்தைப் படிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். இவர் எழுதுவாரா, யார் படிப்பார்கள் என்ற இரண்டு கேள்விக்கு அதில் பதில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அலங்காரம்.

கேட்பதற்கு முன்

வலைப்பூவில் குறைந்தது எட்டுப் பத்து மதிப்புரைகளாவது இருக்கட்டும். கடைசிப் பதிவு ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இது எந்தத் தளத்தின் விதியுமல்ல, எங்கள் கணிப்பு. ஓராண்டாகத் தூங்கும் வலைப்பூவின் இணைப்பைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது மேல். எந்த வகை நூல்களை எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள், எந்த மின்னஞ்சலில் தொடர்புகொள்ள வேண்டும் என்று தனியாக ஒரு பக்கமும் வேண்டும்.

நெட்கேலியில் கணக்குத் தொடங்கும்போது நீங்கள் யார் என்று கேட்கும்: விமர்சகர், நூலகர், ஆசிரியர், புத்தகக் கடைக்காரர், ஊடகத்தார். கேரளப் பக்கம் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ மாலை நேரத்தில் ஊர் நூலகமான கிரந்தசாலைக்குப் போய் உதவுகிறவர்கள் ஆசைப்பட்டு நூலகர் என்று போட வேண்டாம். நூல் கொள்முதலில் உங்களுக்குக் கை இருந்தால்தான் அந்த வகை. இல்லாவிட்டால் விமர்சகர் என்றே போடுங்கள்.

நாடு இந்தியா என்று உண்மையைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நூலை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும் வெளியிடும் உரிமை வைத்திருந்தால் இந்திய வாசகருக்குக் கொடுக்க அதற்கு வழியில்லை. மறுப்பு வந்தால் உங்களைப் பிடிக்கவில்லை என்று பொருளல்ல, பல நேரம் எல்லைக் கணக்குதான். இந்தியத் துணைக்கண்டத்துக்கான உரிமை பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பகத்திடமோ அதன் இந்தியக் கிளையிடமோ இருக்கும். ஆகவே ஒரே நூல் இரண்டு பதிப்பகத்தின் பெயரில் பட்டியலில் இருந்தால் பிரிட்டிஷ் பதிப்பைக் கேளுங்கள். சில நூல்களில் விண்ணப்பப் பொத்தானுக்குப் பதில் 'விஷ் ஃபார் இட்' என்று இருக்கும். அதை அழுத்திவிட்டு மறந்துவிட வேண்டியதுதான், கிடைத்தால் கிடைத்தது.

சுயவிவரம்

குமரிப் பதிவர்கள் பலர் தங்களிடமிருக்கும் மிகப் பெரிய பலத்தைச் சுயவிவரத்தில் எழுதுவதே இல்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இங்கே மலையாளம் வாசிக்கிற வீடுகள் நிறைய. எல்லைக் கோட்டின் மறுபக்கம் பாறசாலையிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் தமிழ் வாசிக்கிற வீடுகள். மூன்று மொழியில் வாசித்து இரண்டு மொழியில் எழுதும் விமர்சகர் என்பது ஒரு பதிப்பகத்துக்கு, முக்கியமாக மொழிபெயர்ப்பு நூல் வெளியிடும் பதிப்பகத்துக்கு, கண்ணை நிறுத்தும் செய்தி. 'எனக்குப் புத்தகம் என்றால் உயிர், தேநீரும் மழையும் பிடிக்கும்' என்று தொடங்கினால் அதே கண் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டிய சுயவிவரத்தின் சாரம் இப்படி இருக்கலாம்: 'மார்த்தாண்டத்திலிருந்து புத்தக மதிப்புரை எழுதுகிறேன். தமிழ், மலையாளம், ஆங்கிலம் வாசிப்பேன். குற்றப் புனைவும் மொழிபெயர்ப்பு நாவலும் என் களம். மாதம் மூன்று மதிப்புரை. ஒவ்வொன்றும் சுமார் 500 சொல். வலைப்பூவுக்கு மாதம் இத்தனை பார்வை, இன்ஸ்டாகிராமில் இத்தனை பேர், குட்ரீட்ஸ் வாசகர் தளத்தில் இத்தனை மதிப்புரை.' கீழே மூன்று இணைப்பு. எண்கள் சிறியவையாக இருந்தாலும் அப்படியே போடுங்கள். 240 பேர் பின்தொடர்கிறார்கள் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2,400 என்று போட்டால் இணைப்பைச் சொடுக்கியதும் பிடிபடும். எண்களை மூன்று மாதத்துக்கொரு முறை திருத்துங்கள்.

எத்தனை கேட்பது

புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. முதல் நாள் உற்சாகத்தில் இருபது முப்பது நூலுக்கு விண்ணப்பித்துவிடுவார்கள். எதுவும் கிடைக்காது என்ற நினைப்பு. இரண்டு வாரத்தில் இருபதும் வந்து சேரும்.

நெட்கேலி ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு விகிதம் காட்டும்: கிடைத்த நூல்களில் எத்தனைக்குக் கருத்து அனுப்பினீர்கள் என்பது. 80 சதவீதம் வைத்திருப்பது தளத்தின் பரிந்துரை. பதிப்பகங்களும் அதைப் பார்க்கின்றன. இருபது நூல் கிடைத்து மூன்றுக்கு எழுதியிருந்தால் 15 சதவீதம். 80-ஐத் தொட இன்னும் 13 நூல் படித்து எழுத வேண்டும். வாரம் ஒன்று என்றாலும் மூன்று மாதம், அதுவும் புதிதாக ஒன்றையும் கேட்காமல். ஐந்து நூல் கிடைத்து நான்குக்கு எழுதினால் அதே 80 ஒரு மாதத்தில் கையில்.

ஆகவே 'ரீட் நவ்' பகுதியில் தொடங்குங்கள். அங்கே அனுமதி கேட்க வேண்டாம், நேரடியாக எடுக்கலாம். எடுத்த நூல் விகிதக் கணக்கில் சேரும் என்பதால் பார்த்ததையெல்லாம் எடுக்காதீர்கள். சிறிய நூலாக மூன்று எடுங்கள்: ஒரு குறுநாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு சமையல் நூல். மூன்றுக்கும் எழுதி முடித்துவிட்டுப் பெரிய பதிப்பகத்தில் இரண்டுக்கு விண்ணப்பியுங்கள். பதில் வராத விண்ணப்பமும் மறுக்கப்பட்ட விண்ணப்பமும் விகிதத்தில் சேராது. அனுமதி கிடைத்தவைதான் சேரும்.

ஒவ்வொரு பதிப்பகத்தின் பக்கத்திலும் அனுமதிக்கான எதிர்பார்ப்புகளை எழுதியிருப்பார்கள். கேட்கும் முன் அதைப் படியுங்கள். விண்ணப்பம் வாரக்கணக்கில் நிலுவையில் கிடப்பது சாதாரணம். நினைவூட்டுவதானால் ஒரே ஒரு மின்னஞ்சல். அதற்கு மேல் போனால் தொல்லை.

எடெல்வைஸ் என்ற தளமும் உண்டு. கடைக்காரர்களையும் நூலகர்களையும் மனத்தில் வைத்துக் கட்டியது. அங்கே புதுப் பதிவருக்குக் கதவு கொஞ்சம் கனம். சுயமாக வெளியிடும் எழுத்தாளர்களின் நூலென்றால் புக்சைரன்ஸ், புக்ஸ்ப்ரவுட். லைப்ரரிதிங் தளத்தின் ஏர்லி ரிவ்யூவர்ஸ் மாதாமாதம் நடக்கும். நெட்கேலி கைக்கு வந்த பிறகு இவற்றைப் பார்த்தால் போதும்.

கோப்பு திறக்காவிட்டால்

அனுமதி வந்த அன்றே கோப்பை இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஆர்க்கைவ் தேதி என்று ஒன்று உண்டு. அது கடந்தால் இறக்க முடியாது. கருத்து அனுப்புவது மட்டும் முடியும். பாதுகாப்புப் பூட்டுள்ள கோப்பு இறக்கிய நாளிலிருந்து 55 நாளில் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனி மழையில் மின்சாரம் போய் இணையமும் சேர்ந்து போகிற ஊர்களில் இருப்பவர்கள் நெட்கேலி ஷெல்ஃப் செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே படிக்கலாம். ஒலிநூல்களையும் அந்தச் செயலியில் கேட்கலாம்.

பூட்டுள்ள நூலைக் கணினியில் இறக்கினால் ஏசிஎஸ்எம் என்று முடியும் சின்னக் கோப்பு வரும். சில கிலோபைட்தான் இருக்கும். பலர் இதையே புத்தகம் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பித் திறந்து பார்த்துக் குழம்புகிறார்கள். அது வெறும் டோக்கன். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, அடோபி கணக்கில் நுழைந்து, கணினியை அங்கீகரித்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால்தான் உண்மையான புத்தகம் இறங்கும். கைபேசியில் பாக்கெட்புக் செயலி இதே வேலையைச் செய்யும். ஒரு கணக்குக்கு ஆறு கருவிகள் வரைதான். பழைய மடிக்கணினியை விற்கும் முன் அங்கீகாரத்தை நீக்காவிட்டால் ஓர் இடம் வீணாகப் போகும்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். கிண்டிலுக்கென்று அமேசான் தந்த மின்னஞ்சல் முகவரியை நெட்கேலியில் சேர்க்க வேண்டும். நெட்கேலியின் அனுப்பு முகவரியை அமேசான் கணக்கில் அனுமதித்த முகவரிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'அனுப்பிவிட்டோம் என்கிறது, வரவில்லை' என்ற புகாரில் பெரும்பாலும் இரண்டாவது வேலைதான் விட்டுப்போயிருக்கும்.

எழுதுவதும் அனுப்புவதும்

கையிலிருப்பது திருத்தப்படாத பிரதி. எழுத்துப் பிழை, விடுபட்ட வரைபடம், நடுவில் முளைக்கும் பக்க எண் எல்லாம் இருக்கும். அவற்றுக்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். மேற்கோள் காட்ட விரும்பினால் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகே காட்டுங்கள். கடைசி நேரத்தில் வரிகள் மாறும். கோப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது, நெருங்கிய வாசக நண்பருக்கும்கூட.

எப்போது வெளியிடலாம் என்பதைப் பதிப்பகம் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால் வெளியீட்டு நாளுக்கு முந்தைய இரண்டு வாரம் நல்ல காலம். குட்ரீட்ஸில் முன்கூட்டியே போடலாம். அமேசானில் புத்தகம் விற்பனைக்கு வந்த பிறகுதான்.

நெட்கேலியின் கருத்துப் பெட்டியில் வலைப்பூ இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். முழு மதிப்புரையையும் ஒட்டுங்கள், இணைப்பைத் தனியாகச் சேருங்கள். தமிழில் எழுதியிருந்தால் ஐந்தாறு வரி ஆங்கிலச் சுருக்கம் மேலே இருக்கட்டும். லண்டனில் இருப்பவர் உங்கள் தமிழை எப்படிப் படிப்பார்? நூல் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். பாதகமான மதிப்புரையால் விகிதம் குறையாது, எழுதாமல் விட்டால்தான் குறையும்.

பிரதி இலவசமாகக் கிடைத்தது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இலவசமாகப் பெற்ற பொருளும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான்.

தமிழ், மலையாளப் பதிப்பகங்களிடம்

இங்கே பெரும்பாலும் தளமில்லை, பொத்தானில்லை, கடிதம்தான். தமிழில் புது நூல்கள் ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்துக் குவியும். டிசம்பர் கடைசியில் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பவரிடம் மின்பிரதி கேட்டால் பதில் வராது. நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் கேளுங்கள். காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலில்தானே இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுவிடலாமே என்று தோன்றும். போகலாம், ஆனாலும் எழுத்தில் ஒரு கடிதம் இருந்தால்தான் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும்.

கடிதம் பத்து வரிக்கு மேல் வேண்டாம்: 'வணக்கம். குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். தமிழிலும் மலையாளத்திலும் வாசிப்பேன். வலைப்பூவில் இதுவரை 34 நூல்களுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். மூன்றின் இணைப்பு கீழே. நீங்கள் வெளியிடவிருக்கும் இன்ன நாவலின் மலையாள மூலத்தை வாசித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பை மூலத்தோடு வைத்து எழுத விரும்புகிறேன். மின்பிரதி கிடைத்தால் மூன்று வாரத்தில் மதிப்புரை வெளிவரும். கோப்பில் என் பெயரை நீர்க்குறியாக இட்டு அனுப்பினாலும் சரி. யாருக்கும் பகிர மாட்டேன்.' மூலத்தை உண்மையிலேயே வாசித்திருந்தால் மட்டும் அந்த வரி.

கடைசி இரண்டு வரிக்கும் காரணம் உண்டு. பிடிஎஃப் ஒன்று கைமாறினால் மறுநாள் டெலிகிராம் குழுவில் சுற்றும் என்ற பயம் இங்குள்ள பதிப்பாளர்களுக்கு இருக்கிறது, நியாயமான பயம். நீங்களே நீர்க்குறியை முன்வைத்தால் பாதித் தயக்கம் போய்விடும். அதற்கும் ஒப்பாவிட்டால் முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் கேளுங்கள், அல்லது அச்சுப் பிரதி. அச்சுப் பிரதி கேட்கும்போது பின்கோடு கவனம்: குமரி 629, எல்லை தாண்டினால் 695. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் மாநிலம் மாறும் ஊர்களில் கூரியர் பை தவறான கிளைக்குப் போய்ச் சுற்றும்.

கோப்பு வந்த பிறகு இன்னொரு சிக்கல். பல தமிழ் பிடிஎஃப்கள் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் பக்கம் அமைத்தவை. திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கும்படி மாற்ற முயன்றாலும் இதே குப்பைதான். யூனிகோடில் இபப் (எழுத்தளவை மாற்றக்கூடிய மின்நூல் வடிவம்) இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் 8 அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லெட்டில் படியுங்கள். 6 அங்குலக் கிண்டில்தான் இருக்கிறதென்றால் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி அரைப் பக்கமாகப் படிக்கலாம். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளும் கைகொடுக்கும். அது எழுத்தைத் தொடாமல் பக்கத்தைப் படமாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கும், எழுத்துரு எதுவானாலும் கவலையில்லை. மேற்கோள் வரிகளை மட்டும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.