எலுமிச்சை மூட்டை கட்டும் முன்

புளியங்குடி மார்க்கெட்டுக்கு எலுமிச்சை அனுப்புகிறவர்கள் தோட்டத்திலேயே பிரித்து மூட்டை கட்டுங்கள்: பச்சைக்காய் தனி, பழம் தனி, பொடிக்காய் (சிறுத்த காய்) தனி. வியாபாரி சாக்குக்குள் கைவிட்டு அடியிலிருந்து நாலு காயை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒன்று அழுகல் என்றாலும் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் மூட்டைக் கணக்கு என்றால் கழிவுக்காய்க்கும் அதே காசுதான், அதைக் காட்டிலேயே விட்டுவிடலாம். காம்போடு தோல் பிய்ந்த காயும் பனி ஈரம் உலராத காயும் சாக்குக்குள் போகவே கூடாது. பூசணம் அங்கிருந்துதான் பரவும்.

ஊறுகாய்க்கு மொத்தமாக எடைபோட்டு எடுப்பவர்களிடம் இந்த வேலை வீண். கோடையில் விலை ஏறிக் கிடக்கும்போது பொடிக்காயும் விலைபோய்விடும், அப்போது அழுகலை மட்டும் பொறுக்கினால் போதும். விலை அடிமட்டத்தில் இருந்தால் பிரிக்கிற ஆள்கூலிகூடத் தேறாது.