பாலத்தை உடைக்கும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து இராமநாதபுரம் போகும் நெடுஞ்சாலையில் திருமயம் தாண்டி, காரைக்குடி, தேவகோட்டை என்று வந்தால் ஆற்றுப்பாலங்கள் குறைவு, சிறுபாலங்கள் அதிகம். பாதிக்கு மேல் ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வரத்துக்காலின் மேல் நிற்பவை. வருடத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடப்பதால், சைட்டுக்குப் புதிதாக வரும் பொறியாளர் தம்பிகள் அதை வெறும் பள்ளம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒப்பந்த வேலைகளில் மேற்பார்வையாளராகவே காலம் கழித்தவன் நான். இந்தப் பக்கம் பழைய பாலத்தையும் சாலையையும் மாற்ற வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை லெவல் எடுப்பது. பாலத்தின் தரைமட்டத்தை மட்டும் எடுத்தால் போதாது. மேலே இருக்கும் கண்மாயின் கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) மட்டம், கீழே தண்ணீர் போய்ச் சேரும் கண்மாயின் மட்டம், நடுவில் வரத்துக்காலின் அடிமட்டம், எல்லாம் வேண்டும். அப்புறம் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஊர் நீர்பாய்ச்சியை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வேலையில் அப்படி ஒரு பெரியவர் கூட வந்தார். பழைய பாலத்தின் பக்கச்சுவரில் சேற்றுக்கறை படிந்த கோட்டைத் தடவிக்காட்டி, "பெருவெள்ளத்துல தண்ணி இதுவரைக்கும் ஏறும் தம்பி. அடியில ஒரு சாண் ஒசத்திட்டீங்கன்னா எங்க கண்மாய்க்கு வராது, அந்தப் பக்கம் வயலுக்குள்ள ஏறிடும்" என்றார். வரைபடத்தில் இருந்த அடிமட்டம் கான்கிரீட் கனத்தைச் சேர்க்காமல் போட்டது. அன்றே அளந்து, அஸ்திவாரத்தை அந்த அளவுக்குக் கீழே இறக்கினோம். பெட்டிப்பாலம், அதாவது தரையும் சுவரும் மேல்தளமும் ஒரே கான்கிரீட் பெட்டியாக இருக்கும் பாலம், போடும்போது இதை மறக்காதீர்கள்: பெட்டியின் உள்தரைதான் வரத்துக்காலின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், அடித்தளத்தின் கீழ்ப்பக்கம் அல்ல.

எது மாற்ற வேண்டிய பாலம்? வண்டி ஓடும் மேல்தளக் கான்கிரீட் பலகையின் அடியில் படுத்துப் பாருங்கள். கம்பி துரு ஏறிப் பருத்து, கான்கிரீட்டைப் பொரித்துத் தள்ளியிருந்தால் பூச்சு வேலை தாங்காது. அஸ்திவாரத்தின் அடியில் மண் அரித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று கடப்பாரை விட்டுப் பாருங்கள். சுவர் இடுக்கில் அரசமரக் கன்று முளைத்திருந்தால் வேர் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தோண்டாமல் தெரியாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் வளைவுகளை மட்டும் அவசரப்பட்டு உடைக்காதீர்கள். அகலம் போதாததுதான் பலவற்றின் ஒரே குறை. இப்போதைய 10 மீட்டர் சாலைக்கு, அதாவது 7 மீட்டர் ஓடுபாதையும் இருபக்கமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரமும், அவை காணாது. வடிவமைப்பாளர் ஒத்துக்கொண்டால் பக்கத்தில் புதுப்பாலம் கட்டி ஒரு திசைப் போக்குவரத்தை அதில் விடலாம் என்பது என் கருத்து.

நாள் குறிப்பது இங்கே தனிக்கலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டம், அப்புறம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் காவடிக்காரர்கள். வெறுங்காலோடு, பாதி இரவில் நடக்கிறவர்களுக்கு ஜல்லி கொட்டிய மாற்றுப்பாதையைக் கொடுப்பது பாவம். அதனால் தைப்பூசம் முடிந்ததும் இறங்குங்கள், புரட்டாசிக்குள் தண்ணீர் வழி திறந்துவிட வேண்டும். கோடைமழை எந்த நாளும் வரலாம் என்பதால் மாற்றுப்பாதைக்கு அடியில் தண்ணீர் போக ஹ்யூம் பைப் (கான்கிரீட் குழாய்) போடாமல் மண்ணை நிரப்பவே கூடாது. தோண்டும் முன் காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று குடிநீர் வாரியத்தாரை நேரில் வரவழைத்துக் குறி போட்டுக்கொள்ளுங்கள். குழாய் உடைந்தால் எத்தனையோ ஊர் குடத்தோடு நிற்கும்.

கட்டும் வேலையில் கம்பியையும் கான்கிரீட்டையும் எல்லாரும் கவனிக்கிறார்கள், அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கு நனைத்து 14 நாள் தண்ணீர் விடுங்கள், மே மாத வெயிலில் மதியம் சாக்கு காய்ந்துவிடும் என்பதால் அதற்கென்றே ஓர் ஆளைப் போடுங்கள். கவனம் தவறுவது சுவருக்குப் பின்னால்தான். பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப் போடுகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே கொட்டிய மண் அமுங்குவது. பெரிய ரோலர் சுவர் ஓரம் வராது. எனவே அரையடி அரையடியாகக் கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, சின்ன ரோலரும் தட்டு இடியும் (மண்ணைத் தட்டி இறுக்கும் கையியந்திரம்) வைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் மண் அடர்த்திச் சோதனை எடுக்காமல் அடுத்த டிப்பரைக் கொட்ட விடாதீர்கள். சுவரை ஒட்டி 60 சென்டிமீட்டர் வடிகட்டு ஜல்லி, சுவரில் நீர்க்கசிவுத் துளைகள், அதற்கு மேல் அணுகு பலகை, அதாவது சாலையிலிருந்து பாலத்துக்கு ஏறும் இடத்தில் போடும் கான்கிரீட் பலகை. இத்தனையும் சரியாக இருந்தால் வண்டி குலுங்காது.

பாலங்கள் முடிந்த பிறகே சாலையின் மேல்தார். மாறி மாறிச் செய்தால் டிப்பர் ஓடியே புதுத்தாரைக் கெடுத்துவிடும். பழைய தாரின் மேல் தார் ஏற்றாதீர்கள். 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார், நல்ல உத்தரவு. தாரின் மேல் தாராகச் சாலை உயர்ந்துகொண்டே போனதில், நம் பக்கத்துப் பழைய வீடுகள் உயர்ந்த திண்ணையில் நிற்பதால் தப்பின. புதுவீடுகளுக்குள் தெருத்தண்ணீர் இறங்குகிறது. விஜி-30 என்ற தரத் தார் என்றால் பேவரில் (கலவையைப் பரப்பும் இயந்திரம்) கொட்டும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90க்கு இறங்கும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். வெப்பமானியை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், லாரி டிரைவர் சொல்வதைக் கேட்டு இறக்காதீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதச் சரிவு, ஓரத்துத் தண்ணீர் போக வாய்க்கால் அல்லது ஊருணி வரத்து.

கடைசியாக, பில் போடும் முன் மாற்றுப்பாதை மண்ணையும் ஹ்யூம் பைப்பையும் முழுதாக எடுங்கள். சென்ட்ரிங் பலகை, சிமென்ட் பை, உடைத்த கான்கிரீட் எதுவும் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது. இருபக்கமும் வரத்துக்காலைப் பழைய அடிமட்டத்துக்கு வெட்டி, லெவல் எடுத்து, அந்தக் கணக்கையும் அளவுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.